விருந்தினர் கையில் கொடுக்கும் புட்டி: காஞ்சிபுரத்துப் பட்டு வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரத்துப் பட்டு வணிகப் பெருமக்களுக்கும், பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையத்தாருக்கும்:

முகூர்த்தப் புடவை எடுப்பதற்காகத் தூர தேசங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நம் ஊருக்கு வந்து, காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் சேவித்துவிட்டு உங்கள் கடைகளின் பாயில் உட்காரும் ஜனங்களுக்கு நீங்கள் செய்கிற உபசாரங்களுள் ஒன்றான குளிர்பானத்தைக் குறித்து, நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன் என்ற உரிமையோடு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அந்தப் பானம் இனித் தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே வளர்ந்த பானமாக இருக்கட்டும் என்பதும், அத்தகைய பானங்களுள் முதலிடம் நூறாண்டு கடந்த காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோவுக்குக் கிடைக்கட்டும் என்பதுமே என் விண்ணப்பம். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு நீண்ட மடலா என்று தோன்றுமானால், அந்தப் புட்டிக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையாகக் கேட்டருள வேண்டுகிறேன்.

தண்ணீரில் வாயுவைக் கலந்து குடிக்கும் வழக்கம் பிறந்த இடம் இங்கிலாந்து தேசத்தின் லீட்ஸ் நகரத்தில் இருந்த ஒரு பீர் காய்ச்சும் சாலை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அந்தச் சாலைக்கு அடுத்து வசித்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பாதிரியார், புளித்துக்கொண்டிருக்கும் பீர்த் தொட்டியின் மேல் தேங்கி நிற்கும் வாயுவைக் கவனித்து, அதைத் தண்ணீரில் ஏற்றினால் குடிப்பதற்கு இதமான ஒரு சுவை உண்டாவதை 1767ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் 1783ஆம் ஆண்டில் இதையே ஒரு தொழிலாக்கினார். ஆனால் வாயுவை அடைத்து வைப்பது சுலபமான காரியமன்று; கார்க்கு காய்ந்து சுருங்கினால் வாயு ஓடிவிடும். இந்தச் சங்கடத்துக்கு ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் கண்ட பரிகாரம்தான், கழுத்து நெரிந்த பச்சைப் புட்டிக்குள் ஒரு கண்ணாடிக் கோலியை வைத்து, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே அந்தக் கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு ஒட்டி நிறுத்தும்படி செய்த உபாயம். அவர் பிறந்த தேசத்தில் அந்தப் புட்டி மறைந்து வெகுகாலம் ஆகியும், நம் பக்கத்துத் தேர்த் திருவிழாக்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் அது இன்றும் கட்டை விரலின் அழுத்தத்துக்குச் சத்தமிட்டுத் திறக்கிறது.

இந்தத் தொழிலின் சுபாவம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சோடாவில் பெரும்பகுதி தண்ணீர். அதைச் சுமக்கும் கண்ணாடியோ தண்ணீரைவிடக் கனமானது. காலிப் புட்டி மறுபடியும் தொழிற்கூடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே வண்டி ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய தூரமே ஒரு சோடாக் கம்பெனியின் ராஜ்யத்துக்கு எல்லையாக இருந்தது; ஊருக்கு ஒரு சோடாவும் ஜில்லாவுக்கு ஒரு கலரும் தனித்தனிச் சுவையோடு தழைத்ததற்கு இதுவே காரணம். திருச்சிக்காரருக்குப் பழகிய பன்னீர் சோடா வேறு, மதுரைக்காரருக்குப் பழகிய பன்னீர் சோடா வேறு என்றிருந்த காலம் அது.

அத்தகைய ஒரு காலத்தில், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில், பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் விருதுநகரில் காளிமார்க் சோடாத் தொழிலைத் தொடங்கினார். வானம் பார்த்த கரிசல் பூமியில், விளைச்சலை நம்பாமல் வியாபாரத்தை நம்பி எழுந்த ஊர் விருதுநகர். வர்த்தகர்கள் தங்கள் வரவிலிருந்து மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்து, அதைக்கொண்டு கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்திய ஊர். காமராஜர் சிறுவனாய்ப் படித்ததும் அப்படி நடத்தப்பட்ட பள்ளிக்கூடத்தில்தான். வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906ஆம் ஆண்டில் தொடங்கி, அது நசுக்கப்பட்டு மறைந்த துயரம் தென் பாண்டி நாட்டு வணிகர்களின் நெஞ்சில் ஆறாதிருந்த சமயத்தில், அதே பிரதேசத்தில் வெள்ளைக்காரருடைய பானமாகக் கருதப்பட்ட சோடாவைத் தமிழர் ஒருவர் தம் சொந்த முத்திரையோடு தயாரித்து விற்கத் துணிந்தது சாமானியமான காரியம் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய புத்திரர்களும் பேரர்களும் மதுரை, திருச்சி, கும்பகோணம், சேலம் என்று ஊர் ஊராகத் தொழிற்கூடங்களை நிறுவியபோதும், ஒரே முத்திரையைப் பல கிளைகள் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு கிளையும் தன் தன் பிரதேசத்தைப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டார்கள். தறியைப் பாகப்பிரிவினை செய்துகொண்டாலும் ஊர்ப் பெயரைப் பாகப்பிரிவினை செய்யாத நம் குடும்பங்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

பவண்டோ பிறந்தது 1950களின் பிற்பகுதியில். கருஞ்சிவப்பு நிறமும், திராட்சையை நினைவூட்டும் மணமும், கோலாவின் உறைப்பும் கலந்த அந்தப் பானம், எலுமிச்சை, ஆரஞ்சு, இஞ்சி என்று அதுவரை பழகியிருந்த கலர்களினின்றும் வேறுபட்டிருந்தது. சினிமாக் கொட்டகையின் இடைவேளையிலும், நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்த திண்ணையிலும், கறிச்சோறு சாப்பிட்டபின் ஜீரணத்துக்கென்று கேட்டு வாங்குகிற வழக்கத்திலும் அது மெல்ல மெல்ல இடம்பிடித்தது. தென் ஜில்லாக்களில் வயதானவர்கள் பலர் அதை இன்றும் மருந்துபோல் மதித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மருந்து என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒரு பானம் ஜனங்களுடைய நம்பிக்கையில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியது அதன் தயாரிப்பாளர்கள் பல்லாண்டு காத்த சுத்தத்துக்கும் ஒரே சீரான சுவைக்கும் கிடைத்த சன்மானம் என்பதில் சந்தேகமில்லை.

இதற்குப்பின் வந்த சரித்திரம் உங்களில் பலர் நேரில் கண்டது. அந்நியச் செலாவணி ஒழுங்குச் சட்டத்தின்படி இந்தியர்களுக்குப் பெரும்பங்கைத் தர மறுத்து, 1977ஆம் ஆண்டில் கோக்கோகோலா கம்பெனி நம் தேசத்தை விட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற இடத்தில், மைசூர் உணவு ஆராய்ச்சிக் கழகத்தின் சூத்திரத்தைக் கொண்டு சர்க்காரே டபுள் செவன் என்றொரு பானத்தை விற்றுப் பார்த்தது. பம்பாயின் பார்லே தம்ஸ் அப்பைக் கொண்டுவந்தது. டெல்லியிலிருந்து கேம்பா கோலா வந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகள் உள்நாட்டுப் பானங்களுக்குச் சுபிட்சமான காலம். பின்னர் பெப்சி 1990ஆம் ஆண்டில் நுழைந்தது. 1993இல் கோக்கோகோலா திரும்பி வந்து, வந்த ஆண்டிலேயே பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் முதலிய பெயர்களை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொண்டது. சிறுவர்கள் கேட்டுக் கேட்டுக் குடித்த கோல்ட் ஸ்பாட் சில ஆண்டுகளில் கடைகளிலிருந்தே மறைந்துபோயிற்று. ஊர் ஊராக இருந்த சோடாக் கம்பெனிகள் எத்தனையோ மூடப்பட்டன. விருதுநகர்க் குடும்பத்தாரோ தங்கள் பெயரை விற்காமல் நின்றார்கள்.

அவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பதை, விளம்பரங்களை மட்டும் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள். நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் வைத்துச் செய்யும் விளம்பரம் இந்தப் போட்டியில் பாதிதான். மீதிப் பாதி பெட்டிக்கடையின் வாசலில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. பெரிய கம்பெனி அந்தப் பெட்டியைத் தன் சித்திரம் தீட்டி இலவசமாகக் கொடுக்கும். தன் புட்டிகளைத் தவிர வேறெதையும் அதில் வைக்கலாகாது என்று நிபந்தனை விதிக்கும். வெயிலில் வந்தவன் சில்லென்று இருப்பதைத்தான் கேட்பான். ஆகவே பெட்டிக்கு வெளியே சூட்டில் கிடக்கும் பானம் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் விலைபோகாது. கடைக்காரரைக் குறைசொல்லிப் பிரயோஜனமில்லை. சொந்தமாக ஒரு பெட்டி வாங்க அவருக்கு முதல் ஏது? போதாததற்குப் புட்டியின் கதை வேறு. கண்ணாடிப் புட்டி திரும்பி வந்தால்தான் சிறு கம்பெனி மறுநாள் சரக்குப் போட முடியும். புட்டிகள் தேங்கினாலும், உடைந்தாலும், வேறு கைகளுக்குப் போய்விட்டாலும் கோடை நடுவில் தொழிலே நின்றுவிடும். பிளாஸ்டிக் புட்டிக்கு மாறுவதற்கோ புதிய யந்திரங்களும் பெரிய மூலதனமும் வேண்டும்.

இந்த நிலையில்தான் 2017ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஜனவரி மாதம் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையிலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் கூடிய இளைஞர்கள், காளையோடு நில்லாமல் தண்ணீரையும் பற்றிப் பேசினார்கள். தாமிரபரணி நீரைக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு வழங்குவது குறித்த வழக்கு அப்போது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. முந்தைய நவம்பரில் இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டிருந்தது. இந்தக் கிளர்ச்சியின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டின் இரு பெரும் வணிகர் அமைப்புகளும் மார்ச் முதல் தேதியிலிருந்து கோக்கோகோலாவையும் பெப்சியையும் விற்பதில்லை என்று அறிவித்தன. மறுநாளே நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டதாயினும், கடைக்காரர்கள் தங்கள் தீர்மானத்தைக் கைவிடவில்லை. பவண்டோ எங்கே, பன்னீர் சோடா எங்கே என்று ஜனங்கள் தேடிக் கேட்டார்கள்; நூறாண்டு பூர்த்தியான மறு ஆண்டிலேயே காளிமார்க்குக்கு இப்படி ஒரு புனர்ஜன்மம் வாய்த்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்குப் போதவில்லை என்பதே அப்போது எங்கும் கேட்ட பேச்சு.

இங்கே உங்களுடைய கவனத்தை முக்கியமாக வேண்டுகிறேன். அந்த மறுமலர்ச்சியை உண்டாக்கியது மளிகைக் கடையிலும் பெட்டிக்கடையிலும் நின்ற சாமானிய வணிகரின் ஒரு தீர்மானம்; அது தளர்ந்ததும் அவர்களுடைய கடைகளிலேதான். உணர்ச்சியால் எழுந்த கிராக்கி ஒரு கோடைக்கு வரும். ஆலை கட்டுவதற்கோ, ஆண்டு முழுவதும் தவறாமல் வரும் கிராக்கி வேண்டும். அடுத்த ஆண்டும் இதே அளவு விற்குமா என்று நிச்சயமில்லாத கம்பெனி எந்தத் துணிவில் யந்திரம் வாங்கும்? சரக்கு வந்து சேராத கடையில் பழைய புட்டிகள் பழைய பெட்டிக்கே திரும்பின.

அதே ஆண்டு ஜூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், வாயு கலந்த இனிப்புப் பானங்களுக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் 12 சதவீதக் கூடுதல் தீர்வையுமாக 40 சதவீதம் விதிக்கப்பட்டது. உலகம் முழுவதும் விற்கும் கம்பெனிக்கும், தாலுகாவுக்குள் விற்கும் சோடாக்காரருக்கும் இந்த விகிதம் ஒன்றே. சிறு தொழில் செய்வோர் விற்றுமுதலின்மேல் ஒரு சிறு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளும் இணக்க முறையிலிருந்தும் 2019 அக்டோபர் முதல் இந்தத் தொழில் விலக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் வரியமைப்பு மாற்றப்பட்டபோதும் அந்த 40 சதவீதம் அப்படியே நிலைத்துவிட்டது. பட்டுச் சேலைக்கு 5 சதவீதம் என்பதையே பாரமாக உணர்கிற நமக்கு, இதன் கனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரையைக் குறைப்பது சர்க்காரின் நோக்கமானால், சர்க்கரையின் அளவைக் கொண்டு வரி போடுவதும், சிறியவருக்கும் பெரியவருக்கும் வித்தியாசம் காண்பதும் நியாயமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய பெயர்கள் இன்று வேறொரு வழியிலும் உயிர்பெறுகின்றன. கேம்பா கோலாவை 2022ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய ரிலையன்ஸ், மறு ஆண்டு மார்ச்சில் அதைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. நமக்குத் தலைமுறை தலைமுறையாக ஜரிகை அனுப்பிவரும் சூரத் நகரத்தில், ஹஜூரி குடும்பத்தார் 1923ஆம் ஆண்டில் தொடங்கிய சோஸ்யோ என்னும் பானத்தின் பாதிப் பங்கும் 2023இல் அதே ரிலையன்ஸின் வசமாயிற்று. கடல் கடந்த தேசங்களிலும் இதுவே நடந்திருக்கிறது: பெரு நாட்டில் லிண்ட்லி குடும்பத்தார் 1935இல் உண்டாக்கிய இன்கா கோலா, அந்நாட்டு ஜனங்களின் அபிமானத்தால் கோக்கோகோலாவையே விற்பனையில் முந்தி நின்றபோதிலும், 1999இல் கோக்கோகோலா அதில் ஒரு பெரும் பங்கைப் பெற்றுக்கொண்டது. பெயர் மறையாமல் இருப்பதே நல்லதுதான் என்று சொல்வோருடன் நான் வாதாட வரவில்லை. ஆனால், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கைகள் நடத்தும் தொழிலுக்கும், தொடங்கியவரின் வம்சத்தார் லாப நஷ்டத்தைத் தாங்கி நடத்தும் தொழிலுக்கும் உள்ள தாரதம்மியத்தைக் காஞ்சிபுரத்துக்காரர் அறியாவிட்டால் வேறு யார் அறிவார்?

காஞ்சியில் நெய்யாத சேலைக்குக் காஞ்சிப் பட்டு என்று பெயர் சூட்டி விற்பதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாம். முந்தானையைப் பேட்டு போட்டு இணைப்பதும், மூன்று நாடாவை வைத்துக் கரையையும் உடலையும் கோர்வையாகப் பிணைப்பதும் எவ்வளவு உழைப்பு என்பதை அறியாதவர்கள், விசைத்தறிச் சேலையைத் தடவிப் பார்த்து விலை மலிவென்று எடுத்துப் போகிறார்கள். ஊரின் பெயரைக் காப்பதற்காக 2005-2006ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டைப் பெற்றோம்; கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்செய்யுங்கள் என்று ஓயாமல் கேட்டு வருகிறோம். பத்தாயிரமும் இருபதினாயிரமும் கொடுத்து வாங்குகிறவரிடம், இது இந்த ஊரில் இந்த ஜனங்களின் கையால் ஆனது, ஆகையால் இதற்கு இந்த விலை என்று நாள் முழுவதும் எடுத்துச் சொல்லுகிற நாவால், அதே விருந்தினருக்கு எந்த ஊரையும் சேராத ஒரு பானத்தை வாங்கி வரச் சொல்லலாமா? தன் ஊர்ப் பொருளுக்கு மதிப்புக் கேட்கிறவர் பிறர் ஊர்ப் பொருளுக்கும் அதே மதிப்பைக் கொடுப்பதுதானே முறை?

உங்களால் இது எளிதில் ஆகும். குளிர்சாதனப் பெட்டியைக் காட்டிப் பெட்டிக்கடைக்காரரைக் கட்டியிருக்கும் நிபந்தனை உங்களைக் கட்டவில்லை. நீங்கள் பானத்தை விற்கிறவர்கள் அல்லர். சொந்தக் காசில் வாங்கி உபசரிக்கிறவர்கள். பெரும்பாலான கடைகளில் இருக்கும் பெட்டியும் உங்களுடையதே. மேலும், மூன்று மணி நேரமும் நான்கு மணி நேரமும் பாயில் உட்கார்ந்து, மணப்பெண் ஒரு நிறமும் அவளுடைய அத்தை வேறொரு நிறமுமாக எடுத்து வைத்து, பெரியவர்கள் வெளுத்தால் சாயம் போகுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கும் குடும்பம், கொடுத்த பானத்தை அங்கேயே குடித்து அங்கேயே புட்டியை வைத்துவிடுகிறது. கண்ணாடிப் புட்டி உடையாமல் முழுசாகத் திரும்புவதற்கு இதைவிடத் தகுந்த இடம் வேறில்லை. சிறு கம்பெனிக்கு உயிர்நாடியான அந்தப் புட்டிச் சுற்று உங்கள் கடைகளில் தடையின்றி நடக்கும். தெருவில் பிளாஸ்டிக்கும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகூர்த்த மாதங்கள் எவை என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. எந்த மாதம் கூட்டம் பெருகும், எந்த மாதம் ஓயும் என்பதை முன்னதாகவே கணக்கிட்டுச் சொல்லக்கூடிய வாடிக்கைக்காரர் சோடாத் தொழிலில் அபூர்வம். 2017இல் கிடைக்காமற்போன நிச்சயத்தை நீங்கள் கொடுக்க முடியும்.

ஆக்ஷேபங்கள் வரும் என்பதை அறிவேன். இளம் பிள்ளைகள் தாங்கள் பழகிய பெயரையே கேட்பார்கள் என்று ஒரு ஆக்ஷேபம். அவர்களில் பாதிப் பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வளர்ந்து, பவண்டோவை ஒருமுறைகூடச் சுவைத்திராதவர்கள், சுவைத்தபின் தீர்மானிக்கட்டும். வரதராஜர் கோயிலில் அத்திவரதர் 2019ஆம் ஆண்டில் 48 நாட்கள் காட்சி தந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வந்து போன ஊர் இது. இங்கே ஒருமுறை கொடுக்கப்பட்ட பொருளின் பெயர் எத்தனை ஊர்களுக்குப் போய்ச் சேரும் என்பதை எண்ணிப்பாருங்கள். மற்றொரு ஆக்ஷேபம் கனமானது: சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு பெருகியிருக்கும் நாளில் இனிப்புப் பானத்துக்குப் பரிந்து பேசலாமா என்பது. இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். உள்ளூர்ச் சர்க்கரை உடம்புக்கு நன்மை செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே, மோரோ, பானகமோ, சர்க்கரை கலவாத வெறும் சோடாவில் எலுமிச்சையும் உப்புமோ முதலில் கேட்டுக் கொடுங்கள். கலர்தான் வேண்டும் என்பவருக்கு மட்டும், பெரிய புட்டியைத் தவிர்த்துச் சிறிய புட்டியில் பவண்டோவோ, நம் சுற்றுவட்டத்துச் சோடாக்காரர்கள் போடும் பன்னீரோ கொடுங்கள். சிறிய சோடாக்காரரையும் இதில் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காளிமார்க் பெரிய பெயராய் நிமிர்ந்துவிட்டது. பெயர் தெரியாத சோடாக்காரருக்கு வணிகர் அமைப்பின் தீர்மானமும் இல்லை, பத்திரிகைச் செய்தியும் இல்லை. அவர்களிடம் வாங்கும்போது தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்திருக்கிறார்களா என்று கண்டிப்பாய்ப் பார்த்தே வாங்குங்கள். அந்தக் கண்டிப்பு அவர்களுக்கும் நன்மையே செய்யும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆடியில் விவாகங்கள் இல்லை; ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்குப் புடவை எடுக்க அப்போதே ஜனங்கள் வரத் தொடங்குகிறார்கள். அதற்குமுன், ஆனி மாதத்துக்குள், கடைக்காரர்களும் சங்கத்தாரும் ஒருமுறை கூடி, ஆளுக்கு எத்தனை கிரேட் தேவைப்படும் என்று மாதவாரியாகக் குறித்து, விநியோகஸ்தரை அழைத்து ஒரே கையாகப் பேசுங்கள். கண்ணாடிப் புட்டியில் சரக்குத் தர முடியுமா, காலிப் புட்டியை வாரத்தில் எந்தக் கிழமை எடுத்துப்போவார்கள் என்பதை எழுத்து மூலமாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு சரக்கு தாமதமானால், அந்த ஒரு காரணத்துக்காகக் கைவிட்டுவிடாமல் தை வரையில் பொறுத்துப் பாருங்கள். தேவைப் பட்டியலைத் தொகுத்துக் கணக்கெழுதிக் கொடுப்பதற்கு எங்கள் தெருவிலேயே படித்த பிள்ளைகள் சிலர் சித்தமாக இருக்கிறார்கள். கூட்டத்தின் தேதியைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அவர்களை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பத்தான் ஒருவன்